ஜுரம் வராது என்று சொன்னேன்

எனக்கு வேலை கிடைத்ததை எங்கள் அப்பா தன் கட்சியின் வெற்றியாகவே கொண்டாடினார். பாபநாசத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அவர் கறுப்புச் சட்டைக்காரர். ஊரே கடையைச் சாத்திவிட்டுத் தேர் பார்க்கப் போகும் நாளில், வேண்டுமென்றே கடையைத் திறந்துவைத்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பார். ஆட்சி மாறி ஓரிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இனி நாட்டில் மூடத்தனம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று மனதார நம்பினார். அதை விரட்டுகிற படையில் தன் மகனும் ஒரு ஆள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஆள் செய்த வேலை என்னவென்றால், ஊசிப் பெட்டியையும் பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மிதிப்பது. சுகாதார உதவியாளர் என்று பெயர். வயது இருபத்து மூன்று. அப்பா சொன்னதை நானும் நம்பினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தலைக்கனம் வேறு இருந்தது.

அந்த வருஷம் புரட்டாசியில் வாந்திபேதி ஊர் ஊராகத் தாவி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. இது எங்கோ கடல் தாண்டிக் கிளம்பி, பல நாடுகளைச் சுற்றிவிட்டு வந்திருக்கும் காலரா என்று எங்கள் டாக்டர் சொன்னார். எனக்குப் பொறுப்பாக வந்த ஊர் குடமுருட்டி ஆற்றை ஒட்டி இருந்தது. ஊருக்குள் கிணறுகள் உண்டு. வயலைத் தாண்டி அந்தப் பக்கம் கூலிக்காரர்கள் குடியிருந்த தெருவுக்குக் கிணறு கிடையாது. அவர்கள் வாய்க்கால் தண்ணீரைத்தான் குடித்தார்கள். குளிப்பது, மாடு கழுவுவது எல்லாம் அதே வாய்க்காலில்தான்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகவே சொன்னார்.

"நோய் அந்தத் தெருவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ரெண்டு ஊசியும் போட்டாகணும். ஒண்ணு போட்டு, பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு. ஒண்ணோட நிறுத்திட்டா போட்டும் பெரிசா பிரயோஜனம் இல்ல. ரெண்டு போட்டாலும் முழுக் காவல்னு சொல்ல முடியாது. ஆனா நம்மகிட்ட இருக்கறது இதுதான்."

மேசை போட இடம் கேட்டு கிராம முன்சீப்பைப் பார்த்தேன். அவர் அந்த ஊர்ப் பண்ணையாருக்கு நெருங்கிய உறவு. "நம்ம களத்திலேயே போட்டுக்குங்க சார். நெழல் இருக்கு. கூலி வாங்க எல்லாரும் அங்கதானே வர்றாங்க" என்றார். எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. அறுவடைக்குப் பின் நெல் அடிக்கிற பெரிய களம், ஓரத்தில் வேப்பமரம், உட்கார நாற்காலி, நடுவில் மோர் வேறு வந்தது. பண்ணையார் முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றிக் கையை நீட்டினார். அவர் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், சமையல்காரர் வரைக்கும் போட்டுக்கொண்டார்கள். மத்தியானம் வரை ஸ்பிரிட் அடுப்பில் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூலிக்காரர் தெருவிலிருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை.

சாயங்காலம் நானே தெருவுக்குப் போனேன். நடவுக்குப் பெண்களைத் திரட்டி அழைத்துப் போகிற அம்மாள் ஒருவர் அங்கே இருந்தார். நாற்பது வயதிருக்கும். யார் வயலில் என்றைக்கு நடவு, எத்தனை பேர் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன மகள் ஒருத்தி. அடுத்த குடிசையில் இருந்தாள். அம்மாவோடு நடவுக்குப் போகிறவள். அந்தத் தெருக்காரர்களை மற்றவர்களைப் போல நான் 'வா, போ' என்று பேசுவதில்லை. 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். அதற்கே அவர்கள் பாதி மயங்கிவிடுவார்கள் என்று எனக்கு நினைப்பு.

"ஏம்மா ஊசி போட்டுக்க வரலை?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள், "ஆத்தா கோவிச்சுக்குவா சார். அவ நடமாடுற நேரத்துல ஊசி போட்டா வீட்டுக்கு ஆகாது" என்றார். சுற்றி நின்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல் ஆகிவிட்டது. இதற்காகத்தானே நான் பிறந்ததே! கிருமி என்றால் என்ன, தண்ணீரில் அது எப்படி வாழ்கிறது, சாமிக்கும் பேதிக்கும் என்ன சம்பந்தம் என்று வெளுத்து வாங்கினேன். மூன்று நாள் சாயங்காலமும் போனேன். அப்பாவிடம் கேட்டு இன்னும் நாலு வாதங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். கோபம் வந்து ஒரு நாள் கத்தவும் செய்தேன். அவர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க சார்", "நீங்க சொல்றது நாயந்தான் சார்" என்று கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் களத்தில் மேசையும் நானும் வேப்பமரமும் மட்டும் இருந்தோம். படிக்காத ஜனங்களிடம் எவ்வளவுதான் தலையில் அடித்துக்கொள்வது என்று எனக்கு அலுத்துவிட்டது.

நாலாம் நாள் போனபோது அந்த அம்மாள் வாசலில் குந்தி நெல் புடைத்துக்கொண்டிருந்தார். முறம் ஏறி இறங்கும்போது முந்தானை விலகி அவருடைய மேல்கை தெரிந்தது. காசு அளவில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டத் தழும்புகள். பெரியம்மைக்கு ஊசி குத்தினால் விழுகிற தழும்பு. பக்கத்தில் நின்ற மகளின் கையைப் பார்த்தேன். அவளுக்கும் இருந்தது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் இருந்தது. நான் ஊசி போட வந்ததே அந்தக் கைகளில். நாலு நாளாக அந்தக் கைகளை நான் பார்க்கவே இல்லை. வாயைத்தான் திறந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அம்மை என்றால் அது முழுக்க முழுக்க ஆத்தாவின் சங்கதி. அதற்கே ஊசி குத்திக்கொண்டவர்கள் பேதிக்கு ஏன் ஆத்தாவைச் சொல்கிறார்கள்?

"இது குத்துனப்ப ஆத்தா கோவிச்சுக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

அவர் முறத்தை நிறுத்தினார். மகளைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"அது சித்திரையில குத்துனது சார்" என்றார் அந்த அம்மாள். "சித்திரையில வயல்ல என்ன வேலை இருக்கு? கெடந்து எந்திரிச்சோம். இப்ப நடவு."

பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த ஆடியில் கூலித் தகராறு வந்து, வேலை நிறுத்தம் நடந்து, தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பேசி, கூலி நெல்லில் அரைப் படி கூட்டித் தருவதாகப் பண்ணை ஒப்புக்கொண்டிருந்தது. அதற்குப் பண்ணை ஒரு நிபந்தனை போட்டது. சம்பா நடவு முடிகிற வரைக்கும் ஒரு நாள்கூட இறங்குகிற ஆள் குறையக் கூடாது. குறைந்தால் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் பண்ணைக்கு உரிமை உண்டு, அரைப் படியும் கிடையாது. நாற்றுக்கு வயது ஏறினால் பயிர் கெடும், அதனால் பண்ணையின் கவலையும் பொய்யில்லை. ஆனால் வெளியூர் ஆள் ஒரு தடவை வயலில் இறங்கிவிட்டால் அடுத்த வருஷமும் அவர்களே இறங்குவார்கள். பக்கத்து ஊர்களில் அப்படி ஆகியிருந்தது. நாற்பது பெண்கள் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொண்டு ஜுரத்தில் படுத்தால் என்ன ஆகும் என்று அந்தத் தெரு கணக்குப் போட்டு வைத்திருந்தது.

"நீங்க மேசை போட்டது யாரு களத்துல சார்?" என்று மகள் கேட்டாள். அதுவரை அவள் என்னிடம் பேசியதே இல்லை. "மோரு யாரு குடுத்தது? நடவு ஆரம்பிக்கிற வாரமாப் பாத்து, அவரு எடத்துல வச்சு ஊசி போடுறீங்க. நாங்க என்னன்னு நெனைக்கிறது?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. "அப்புறம் ஏன் ஆத்தான்னு சொன்னீங்க?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"வேற என்ன சொல்லுறது? இதைச் சொன்னா நேரா அவருகிட்ட போவும். ஆத்தான்னு சொன்னா நீங்களும் சரி, உங்களுக்கு மேல உள்ளவங்களும் சரி, ஒரு கேள்வியும் கேக்குறதில்ல. உடனே நம்பிடுறீங்க" என்றார் அந்த அம்மாள். கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியட்டும் என்று சொன்னார்.

இதை நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ஊசிக்குத் தயங்குகிறவர் வாயால் சொல்கிற காரணம், கேட்கிறவர் எதைக் கேட்கத் தயாராக வந்திருக்கிறாரோ அதுவாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. உள்ளே இருக்கிற காரணத்தைச் சொல்ல அவருக்குத் தைரியமோ, சில சமயம் வார்த்தையோ இருப்பதில்லை. படித்தவர்களுக்கும் இதே கதைதான். கொரோனாவுக்கு ஊசி போட்டபோது, வாழ்நாள் முழுவதும் ஊரான் கையைக் குத்திய நானே முகாம் வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். மகன் கேட்டபோது கூட்டமாக இருந்தது என்றேன். கூட்டமே இல்லை. எங்கள் தெருவில் ஊசி போட்ட வாரத்திலேயே ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நாலு பேருக்கு நானே விளக்கம் சொல்லியிருந்தேன். இருந்தும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் முகம் வந்து நின்றது. ஒன்றும் செய்யாமல் இருந்து நோய் வந்தால் அது விதி என்று மனசு ஏற்றுக்கொள்கிறது. நாமே போய்க் கையை நீட்டி ஒன்று ஆகிவிட்டால் அது நம் தப்பாகிவிடுகிறது. மூன்றாவது தடவை பேசாமல் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே களத்திலிருந்து மேசையைத் தூக்கிவிட்டேன். தெருவிலேயே, அந்த அம்மாள் வீட்டு வாசலில் போடுவதாகச் சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. இரண்டு நாளில் அமாவாசை. எங்கள் பக்கம் அமாவாசை அன்று ஏர் பூட்டுவதில்லை, நடவும் இல்லை. காலையில் போட்டுக்கொண்டால் அன்று முழுவதும் ஓய்வு. மறுநாள் விடிகாலையில் வயலில் இறங்க வேண்டும்.

அவர் அதோடு விடவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"நெசத்தைச் சொல்லுங்க சார். கீழண்டை ஊருல ஊசி போட்டுக்கிட்டவங்க ரெண்டு நாளு எந்திரிக்கலைங்கிறாங்க. எங்களுக்கும் ஜுரம் வருமா? வரும்னா சொல்லிடுங்க. எங்க சொந்தக்காரப் பொண்ணுங்க ஆத்துக்கு அந்தாண்ட இருக்காங்க. வரச் சொல்லி ரெண்டு நாளைக்கு எங்களுக்குப் பதிலா எறக்கிவிடுறோம். காரியக்காரரு தலையைத்தான் எண்ணுவாரு, மூஞ்சியப் பாக்கமாட்டாரு. ஆனா முன்கூட்டியே சொல்லி அனுப்பணும்."

காரியக்காரர் என்பவர் பண்ணையின் வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்று ஆள் எண்ணுவது அவர்தான்.

அவர் கேட்டது எவ்வளவு நேர்மையான கேள்வி! அதற்குப் பதிலும் எனக்குத் தெரியும். காலரா ஊசி போட்டால் பலருக்குக் கை வீங்கும், ஜுரம் வரும், ஒரு நாளோ இரண்டு நாளோ இருந்துவிட்டுப் போகும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கே வந்தது. ஆனால் நாலு நாள் தொண்டை கிழியப் பேசியும் ஒரு கைகூடக் கிடைக்காதவன், இப்போது நாற்பது கைகள் கிடைக்கப் போகிற நேரத்தில், 'ஆமாம், வரும்' என்று சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் நாலு பேர் பின்வாங்குவார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் பின்வாங்குவார்கள் என்று பயந்தேன். அவர்களுடைய நல்லதுக்குத்தானே என்றும் சமாதானம் செய்துகொண்டேன்.

"அது பழைய மருந்தும்மா. இது புதுசா வந்தது. ஜுரம் வராது" என்றேன்.

"வராதா?"

"வராது. யாரையும் வரச் சொல்ல வேண்டாம்."

அது பழைய மருந்தேதான். அதே பாட்டில்.

அமாவாசை அன்று காலையில் தெருவே வந்தது. மகள் மட்டும் தயங்கி நின்றாள். "சார் சொல்றாருல்ல, ஒண்ணும் ஆவாது, வாடி" என்று அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மேசை முன் நிறுத்தினார். எந்தக் கையில் போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. நடவு நடுவது வலது கை. அதனால் இடது கையில் போடுகிறேன் என்று பெரிய புத்திசாலியாகச் சொன்னேன். சில பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "வலது கையிலயே போட்டா என்ன சார்?" என்றாள். "நான் சொல்றேன்ல" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மறுநாள் கிணறுகளுக்குப் பவுடர் போடுகிற சாக்கில் அந்த ஊருக்குப் போனேன். சாக்கு என்றே சொல்கிறேன், ஜுரம் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். வரப்பில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தபோதுதான் என் புத்திசாலித்தனம் எனக்குப் புரிந்தது. நடவு நடுகிற பெண், நாற்று முடியை இடது கையில் பிடித்து, அந்தக் கையை இடது முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிகிறாள். உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் கையில்தான் இறங்குகிறது. நாள் முழுவதும் குனிந்து நிற்க முடிவதே அந்த ஊன்றுதலால்தான். நான் வரிசையாக நாற்பது இடது கைகளில் குத்தி வீங்கவைத்திருந்தேன். ஊன்ற முடியாமல், கை தொங்க, ஜுரக் கண்ணோடு அவர்கள் பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும் வயல் சத்தமில்லாமல் இருந்தது. இரண்டு பேர் வீட்டை விட்டே வரவில்லை.

மகள் வரிசையில் நாலாவதாக நின்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேற்றுத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் கிடத்தினார்கள். காரியக்காரர் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு தலையை எண்ணினார். மூன்று குறைந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. எண்ணிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் நிமிர்ந்து, வரப்பில் நின்ற என்னைப் பார்த்தார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் தெற்கத்தி ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். அவர்களும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்தான், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று நாள் தெருப் பெண்கள் வரப்பில் நின்று, தங்கள் வயலை வேறு யாரோ நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மறுபடி தாலுகா ஆபீஸ், மறுபடி பேச்சு. இவர்களையும் சேர்த்துக்கொள்வதாகப் பண்ணை ஒப்புக்கொண்டது. ஆனால் அரைப் படி போனது போனதுதான்.

வீட்டிலேயே படுத்திருந்த இரண்டு பேரைத் தெரு மறந்துவிட்டது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் விழுந்தவள் மகள்தான். அவளால்தான் போயிற்று என்று பேச்சு கிளம்பிவிட்டது. குழாயடிச் சண்டை மாதிரி நேருக்கு நேர் யாரும் சண்டை போடவில்லை. அவள் வருகிறபோது பேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். என்னை ஒருவரும் திட்டவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் நாள் இரண்டாவது ஊசிக்குப் போய் அதே வாசலில் மேசை போட்டேன். அந்த அம்மாள் மட்டும் வந்தார். வலது கையை நீட்டினார்.

"மத்தவங்கம்மா?"

"வரல."

"மகள்?"

"அவளும் வரல."

"நீங்க மட்டும் வந்திருக்கீங்களே" என்றேன். ஏதாவது திட்டுவார், திட்டட்டும் என்று இருந்தது.

"ஊசி வேற, நீங்க வேற சார்" என்றார். "ஊசி மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல."

மகளின் குடிசைக்கு நானே போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். அவள் வெளியே வந்து கதவோரம் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "ரெண்டாவது போடலைன்னா மொதல் ஊசி வீணாப் போயிடும். இந்தத் தடவை அவ்வளவு ஜுரம் வராது" என்றேன். இந்த முறை அது அனேகமாக உண்மைதான். இரண்டாவது ஊசிக்குப் பெரும்பாலும் அவ்வளவு தொந்தரவு இருப்பதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் வுழுந்துதான் அரைப் படி போச்சாம். திரும்பியும் வுழுந்தா இந்தத் தெருவுல நான் குடியிருக்க முடியாது சார். பேதி வந்தா வரட்டும். அது வந்தா எல்லாருக்கும் வரும். என்னாலன்னு யாரும் சொல்லமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெருவில் நின்று, 'ஜுரம் வரும் என்று எனக்குத் தெரியும், பொய் சொன்னது நான், அந்தப் பெண்மேல் பழி போடாதீர்கள்' என்று சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டர் அறிக்கை கேட்டார். இரண்டாவது ஊசியை ஏன் மறுத்தார்கள் என்று காரணம் எழுத வேண்டும். 'மூடநம்பிக்கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. வாய்க்கால் கலங்கலாக ஓடியது. ஒரு வாரத்தில் அந்தத் தெருவில் பேதி கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். காலையில் உப்புத் தண்ணீர் பாட்டில்களையும் பவுடரையும் எடுத்துக்கொண்டு மிதித்தேன். ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது எதிரே மாட்டு வண்டி ஒன்று வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி என்று நினைத்து வேகமாகக் கிட்டே போனேன். அது பாதியில் நின்று, ஊர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் மகளின் தலை. விடிகாலையில் ஆரம்பித்ததாம். ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை.

நான் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு நின்றேன். வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார். அந்த அம்மாள்தான் பேசினார். அதுவரை சார் என்றவர், அன்றைக்குத் தம்பி என்றார்.

"மொத தடவை இவளைக் கூட்டியாந்தது உங்க பேச்ச வச்சுத்தான் தம்பி. ரெண்டாந் தடவை கூப்புட என்கிட்ட என்ன இருந்துச்சு?"

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. கேட்டுவிட்டு, வண்டிக்காரரைப் போகச் சொன்னார்.

இரண்டு ஊசி போட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. அந்த மருந்தின் சக்தி அவ்வளவுதான். இரண்டும் போட்டுக்கொண்டவர்களிலும் போனவர்கள் உண்டு. இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், முடியவில்லை. அவளுக்கு இருந்த ஒரு வாய்ப்பை நான் பறித்தேன். அது எவ்வளவு பெரிய வாய்ப்பு, எவ்வளவு சின்ன வாய்ப்பு என்பதெல்லாம் அப்புறம்.

மறுநாள் காலையில், யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே அந்தத் தெருவில் போய் மேசையைப் போட்டேன். இந்தத் தடவை தெருமுனையில் போட்டேன், அந்த வாசலுக்குப் போக முகமில்லை. அடுப்பைப் பற்றவைத்து ஊசிகள் கொதிக்கத் தொடங்கியபோது அந்த அம்மாள் வருவது தெரிந்தது. முந்தின நாள்தான் மகளைப் புதைத்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அவரே கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், அன்றைக்கு மகளை இழுத்துக்கொண்டு வந்த மாதிரி.

மேசைக்கு முன்னால் அவர்களை வரிசையாக நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"போடுங்க தம்பி. இப்ப வருவாங்க. இப்ப கூப்புட என்கிட்ட ஒண்ணு இருக்கு."

முதல் பெண் வலது கையை நீட்டினாள். "ஜுரம் வரலாம்மா. கை வீங்கும். ரெண்டு நாளைக்கு வேலைக்குப் போக முடியாமப் போகலாம்" என்று சொன்னேன். அடுத்தவளிடமும் சொன்னேன். அதற்கடுத்தவளிடமும் சொன்னேன். கடைசிப் பெண் வரை ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சொல்லித்தான் போட்டேன். ஒருத்தியும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.